ஒரே ஒரு வளைவுக் கட்டை

புதிதாக டீச்சர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் என்னைப் போனில் பிடித்தாள். "டீச்சர், கட்டை வெச்சு விளையாட உட்டா பேச்சு வரும், எழுத்து வரும்னு ட்ரெய்னிங்ல சொல்றாங்களே, நெசமா, இல்ல சும்மா ஏமாத்துறாங்களா?" என்று கேட்டாள். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பதில் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. "அப்புறம் கூப்பிடுறேன் டீச்சர்" என்றாள். கூப்பிடவில்லை. குறை சொல்லவில்லை அம்மா, உங்களுக்கு ஆயிரம் வேலை. ஓய்வு பெற்ற எனக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாடத்திட்டம், செயலி, பயிற்சித்தாள் இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் வாயைக் கொடுக்கப்போவதில்லை. ஒரு மரக்கட்டையைப் பற்றியும் ஒரு பெண் குழந்தையைப் பற்றியும் சொல்கிறேன். அதற்குமேல் உங்கள் புத்தி.

திண்டிவனத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி அது. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். கணவர் தவறிவிட்டார். மகன் மஸ்கட்டில். காலையில் பூட்டிவிட்டுப் போகிற வீட்டைச் சாயங்காலம் நானேதான் திறக்க வேண்டும். அதனால் பள்ளிக்கூடத்து இரைச்சல் எனக்கு இரைச்சலாகவே பட்டதில்லை.

அந்தப் பள்ளியில் விளையாட்டுக் கட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். பீரோவுக்குள்! பிள்ளைகள் தொட்டால் அழுக்காகிவிடும், ஒன்று தொலைந்தால் ஸ்டாக் சரிபார்க்க வருகிறவருக்கு யார் பதில் சொல்வது என்று, பிள்ளைகளுக்காக வந்த சாமானைப் பிள்ளைகளிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்தோம். நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இந்தச் சாமர்த்தியம் வரும்? ஆண்டுக்கொரு முறை தூசு தட்டி, எண்ணி, மறுபடியும் பூட்டிவைப்போம்.

தலைமையாசிரியரிடம் சாவி கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.

"டீச்சர், ஒண்ணு குறைஞ்சா?"

"என் தலையில எழுதிக்குங்க சார்."

"சொல்லுவீங்க. அப்புறம் நான்தான் பேஜாரு படணும்" என்று முனகிக்கொண்டே கொடுத்தார்.

பெட்டியைக் கொட்டினால், எல்லா வடிவத்திலும் கட்டைகள் இருந்தன. ஆனால் மூடியில் இருந்த படத்தில் இரண்டு வளைவுக் கட்டைகள், உள்ளே ஒன்றே ஒன்று. வளைவு என்றால் அடியில் அரைவட்டமாகக் குடைந்த, வாசல் மாதிரி இருக்கிற கட்டை. சதுரமும் நீளமும் எவ்வளவு இருந்தாலும் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் வேண்டும். முதல் நாளே அடிதடி. நான் பார்த்தேன், கத்தினேன், பிடுங்கி மேஜைமேல் வைத்தேன். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கத்த முடியவில்லை. ரித்திக் என்று ஒரு துடுக்குப் பையன், யாழினி என்று அவனுக்குச் சற்றும் சளைக்காத ஒரு பெண். இருவரும் வளைவின் இரண்டு காலையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகவும் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உட்றா, எனக்கு வேணும்."

"எதுக்கு ஒனக்கு?"

"ஆஸ்பத்திரி வாசலுக்கு கேட்டு வைக்கப் போறேன். ஆம்புலன்ஸ் எப்படி உள்ள போவும்?"

"நான் மட்டும்? மேம்பாலம் கட்டிக்கினு இருக்கேன். பாலம் இல்லன்னா ஒன் ஆம்புலன்ஸே முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு போவாது, தெரிமா?"

யாழினி யோசித்தாள். "சரி, அப்ப மொதல்ல பாலம் கட்டு. ஆம்புலன்ஸ் போனதும் ஜல்தியா குடுத்துடணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'இது என்ன படம், சொல்லு' என்று நான் குச்சியை நீட்டினால் 'மாடு' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். இங்கே காரணம் சொல்கிறார்கள், மறுக்கிறார்கள், 'மொதல்ல, அப்புறம்' என்று வரிசைப்படுத்துகிறார்கள், பேரம் பேசுகிறார்கள். எல்லாம் ஒரு கட்டை குறைந்ததால்!

அன்றிலிருந்து வகுப்பில் ஒரே சட்டம்தான். வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்டால், வைத்திருப்பவர் 'எதுக்கு?' என்று கேட்பார். சொல்ல வேண்டும். காரணம் நன்றாக இருந்தால் கொடுக்க வேண்டும். பிடுங்கக் கூடாது, டீச்சரிடம் வந்து அழக் கூடாது.

பேச்சு வந்தபின் எழுத்து தானே வந்தது என்று கதை விட மாட்டேன். ஆனால் வழி திறந்தது. ஒரு நாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டைக் கட்டினார்கள். எந்தக் கட்டை எந்த ஊர் பஸ் என்று சண்டை வந்தது. போர்டு வேண்டும் என்றார்கள். பழைய காலண்டர் தாளை நறுக்கிக் கொடுத்தேன். செஞ்சி, மரக்காணம், விழுப்புரம் என்று நான் கரும்பலகையில் எழுத, பார்த்துப் பார்த்து எழுதி ஒட்டினார்கள். போர்டு தப்பாக இருந்தால் யாழினி ஏற மாட்டாள், "இது செஞ்சி வண்டிய்யா, நான் மரக்காணம் போவணும்" என்று இடுப்பில் கைவைத்து நிற்பாள். ரித்திக், "உள்ள போவாது, பைபாஸ்ல எறங்கிக்க!" என்று கூவுவான். திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பைபாஸில் இறக்கிவிடப்பட்டு, மூட்டையோடு நடந்து வராத குடும்பம் எங்கள் பக்கத்தில் ஏது? 'உள்ளே போகாது' என்றுகூட ஒரு போர்டு எழுதச் சொல்லிக் கேட்டு எழுதினான், படவா.

இந்தக் கூட்டத்தில் சேராமல் சுவரோரம் நின்றவள் கோபிகா. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. பெண்ணை இங்கே அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். அந்த அத்தை வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகிற வழியில் பள்ளிக்கு வந்து சொன்னாள்:

"வூட்லயும் பேசாது டீச்சர். மின்ன நல்லா பேசிக்கினு இருந்த பொண்ணுதான். அவங்க உட்டுட்டுப் போனதுலேர்ந்து இப்படி. ஞாயித்துக்கெழம ஆனா அவங்கம்மா போன் பண்ணி அந்தாண்ட அழுவும். இது போன காதுல வெச்சிக்கினு சும்மா நிக்கும். எனக்கும் மூணு பசங்க கீது டீச்சர். எவ்ளோதான் பாக்கறது?"

தலைமையாசிரியர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். விழுப்புரத்தில் பேச்சு வராத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி இருக்கிறது, அங்கே சேர்த்துவிடலாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றியத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து பார்ப்பார், அவர் சரி என்றால் அந்த மாதமே அனுப்பிவிடலாம். அத்தைக்கும் அது நிம்மதியாகவே பட்டது. நான் அந்தப் பள்ளியைக் குறை சொல்லவில்லை. அது தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு அது கோயில். ஆனால் இவளுக்குக் காது கேட்கிறது. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் வகுப்பில் முதலில் திரும்புகிற தலை இவளுடையதுதான். பேச்சு இருக்கிறது, பேச ஆள் இல்லை. அம்மாவும் அப்பாவும் விட்டுப்போனவளை இப்போது நாமும் விட்டால், மூன்றாவதாக அவள் யாரை நம்புவாள்?

அந்த வாரம் அவள் சுவரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தாள். வளைவு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பக்கத்தில் போய் நிற்பாள். கை நீளும், மடங்கும். ஒருமுறை உதடுகூட அசைந்தது. நான் வேறு பக்கம் பார்ப்பதுபோல இருந்தேன். இன்னும் நாலு நாள் போதும் என்று தோன்றியது.

அப்போதுதான் வந்தது தர்மம்.

அந்த ஊர்க்காரர் ஒருவர், திண்டிவனத்தில் கடை வைத்திருப்பவர், தலைமையாசிரியரின் நண்பர். பிள்ளைகள் ஒரு கட்டைக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிவந்தார். ஒன்றோடொன்று மாட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகள், பளபளவென்று. ஒவ்வொரு பெட்டியிலும் வளைவு, சக்கரம், ஜன்னல் எல்லாம். பிள்ளைகள் கத்திய கத்தலில் கூரை போய்விடும்போல இருந்தது.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தேன். சத்தமே இல்லை.

ஆளுக்கொரு மூலை. பெட்டியைக் கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ரித்திக் பாலம் கட்டினான், யாரையும் கேட்காமல். யாழினி ஆஸ்பத்திரி கட்டினாள், யாருக்கும் சொல்லாமல். பஸ் இல்லை, கண்டக்டர் இல்லை, போர்டு இல்லை. கோபிகா திரும்பச் சுவரோரம் போய்விட்டாள், தன் பெட்டியோடு. இனி அவள் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதே இல்லை.

தலைமையாசிரியர் எட்டிப்பார்த்தார். "பாத்தீங்களா டீச்சர், எவ்ளோ டிசிப்ளின்!"

அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. என் வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே வந்து நிற்பது அதுதான். எல்லாம் இருக்கிற வீடு. கேட்கவும் கொடுக்கவும் ஆள் இல்லாத வீடு.

பெட்டிகளை அப்போதே எடுத்துவைத்திருக்கலாமே என்பீர்கள். எடுக்கத்தான் போனேன். "அவர் வெள்ளிக்கிழமை போட்டோகிராபரோட வர்றாரு டீச்சர். பசங்க அதுவரைக்கும் பழகிக்கினு இருக்கட்டும்" என்று தலைமையாசிரியர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்துவிட்டார். அதே வெள்ளிக்கிழமை. சிறப்பாசிரியர் வருகிற அதே நாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்துவிட்டார்கள். கடைக்காரர் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். பக்கத்தில் போட்டோகிராபர். சிறப்பாசிரியர் சின்னப் பெண், உங்கள் வயதுதான் இருக்கும். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோபிகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வரிசையாக, ஆளுக்கொரு பெட்டியோடு, வாயைத் திறக்காமல். சிறப்பாசிரியர் கோபிகாவின் அருகே போய், "பாப்பா, இது என்னா?" என்று அன்பாகக் கேட்டாள். கோபிகா தரையைப் பார்த்தாள். சிறப்பாசிரியர் பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். அந்தப் பெருமூச்சிலேயே தீர்ப்பு தெரிந்துவிட்டது.

வேலையில் இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். ஒரு பக்கம் நல்ல மனதோடு செலவு செய்தவர், அவர் முகம் வாடக் கூடாது. மேலதிகாரி, அவர் மானம் போகக் கூடாது. இன்னொரு பக்கம், தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாத ஒன்று. முதல் இரண்டும் வாய் உள்ளவை, தங்களைப் பார்த்துக்கொள்ளும்.

"எல்லாரும் பெட்டிய மூடுங்க. கொண்டாந்து எங்கிட்ட குடுங்க" என்றேன்.

"டீச்சர், என்னா பண்றீங்க?" தலைமையாசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிள்ளைகள் சிலர் அழுதார்கள். நான் ஒவ்வொன்றாக வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பழைய மரக்கட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து வகுப்பின் நடுவில் கொட்டினேன். கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "சித்த இருங்கய்யா, தயவுபண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போட்டோகிராபர் கொட்டாவி விட்டான். செத்தோம் என்று நினைத்தேன். பிறகு ரித்திக் கையை விட்டு வளைவை எடுத்தான். யாழினி, "எதுக்கு?" என்றாள். அவ்வளவுதான், கிளம்பிவிட்டது. பஸ் ஸ்டாண்டு எழும்பியது. நாலு பக்கமும் காம்பவுண்டு சுவர். உள்ளே செஞ்சி வண்டி, மரக்காணம் வண்டி. வளைவு மட்டும் ரித்திக் மடியில், பாலத்துக்கென்று.

கோபிகா எழுந்து வந்தாள். சிவப்புக் கட்டை ஒன்றை எடுத்தாள். சுவரோரத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்து முட்டி போட்டபடியே தரையில் தள்ளிக்கொண்டு வந்தாள். காம்பவுண்டு சுவர் வரை வந்தது, நின்றது. வழியில்லை. சுற்றி வந்தாள். எந்தப் பக்கமும் வாசல் வைக்கவில்லை. ரித்திக்கின் மடியில் இருந்த வளைவைப் பார்த்தாள். அவன் பழக்க தோஷத்தில், "உள்ள போவாது, பைபாஸ்ல எறங்கிக்க!" என்றான்.

"டேய்! எங்கம்மா பஸ்ஸு உள்ள வரணும்டா! வழி உட்றா பேமானி!"

அவ்வளவு பெரிய குரல் அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. போட்டோகிராபர் பக்கென்று சிரித்துவிட்டான். தலைமையாசிரியர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ரித்திக்கா மிரள்வான்? அவனுக்குச் சட்டம்தான் முக்கியம்.

"எதுக்குன்னு ஒழுங்கா சொல்லு."

"கேட்டு வைக்கணும். பெங்களூர் பஸ்ஸு. எங்கம்மா மூட்ட வெச்சிக்கினு இருக்கும். பைபாஸ்ல எறக்கி உட்டா எப்படி நடக்கும்?"

ரித்திக் யோசித்தான். காரணம் நன்றாக இருந்தது. கொடுத்தான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மேடம், இந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும்" என்றாள் சிறப்பாசிரியர். அன்று சாயங்காலம் பெங்களூர் என்று எழுதிக் காட்டச் சொல்லி கோபிகாவே என்னிடம் வந்து கேட்டாள். போர்டுக்கு. அவள் முதலில் எழுதிய சொல் அதுதான்.

இதோடு நிறுத்தினால் இனிப்பாக இருக்கும். ஆனால் வேலைக்கு வந்திருக்கிற உங்களிடம் பாதியை மறைக்கக் கூடாது.

கடைக்காரர் போட்டோ எடுக்காமலேயே போய்விட்டார். நேரில் போய் விளக்கம் சொன்னேன். "பரவால்லம்மா" என்றார், கண்ணைப் பார்க்காமல். தலைமையாசிரியர் அதன்பின் என்னோடு வேலைக்கு வேண்டிய பேச்சுக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததால் மற்றவர்களும் மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். மதியம் என் சோற்றுப் பாத்திரத்தை வகுப்பிலேயே திறந்து தனியாகச் சாப்பிடத் தொடங்கினேன். ஓய்வு பெறும்வரை அப்படியேதான். வருத்தமாக இருந்ததா என்றால், இருந்தது. சரியானதைச் செய்தவளுக்கு உள்ளுக்குள் நிறைவாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறைவும் இருக்கும், சோறும் இறங்காது.

இன்னொன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது கோபிகா பேசியிருக்கிறாள். அத்தை ஓடிவந்து சொன்னாள். "யம்மா, என்ன இட்டுக்கினு போ"ன்னு கேட்டுச்சாம். "எதுக்கு"ன்னு அவங்கம்மா கேக்கறதுக்கு மின்னயே, "ஒன்கூட இருக்கணும், அதுக்குத்தான்"னு இதுவே காரணமும் சொல்லிச்சாம். அந்தப் பக்கம் அந்தத் தாய் என்ன ஆனாளோ. பொங்கலுக்கு வந்தவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டே போய்விட்டாள். அங்கேயே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறார்களாம்.

அனுப்பக் கூடாது என்று நான் அத்தனை பேரைப் பகைத்துக்கொண்டேன். அவளோ கிடைத்த வார்த்தையை வைத்து முதல் வேலையாகப் போக வழி கேட்டாள். கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் நம் வேலை. என்ன கேட்பார்கள் என்பது நம் கையில் இல்லை. போகாதே என்று சொல்ல என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கிளம்புகிற அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். "டீச்சர், அந்த வளைவ குடுங்க."

"எதுக்கு?" என்றேன். சட்டம் எனக்கும்தானே.

"அங்கயும் பஸ்ஸு உள்ள வரணும்ல."

கொடுத்துவிட்டேன். ஸ்டாக் சாமான்தான், தெரியும். தலைமையாசிரியரிடம் போய், "சார், வளைவுக் கட்டைய நான் அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டேன்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், உண்மையைச் சொன்னால் ஆசையோடுதான் காத்திருந்தேன். "சரி" என்றுவிட்டுக் குனிந்துகொண்டார். அன்றைக்குத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வளைவு இல்லாமல் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? இரண்டு கட்டை நிறுத்தி மேலே ஸ்கேலை வைத்தார்கள். அந்த ஸ்கேலுக்குச் சண்டை போட்டார்கள். பிளாஸ்டிக் பெட்டிகளையும் பிறகு விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிப் பொதுவாக்கிவிட்டேன். கடைக்காரர் பேரன் பள்ளியில் சேர்ந்தபோது அவனும் அந்தச் சாக்குக்குள் தலையை விட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

இப்போதும் அதே விழுப்புரம் வீட்டில்தான் இருக்கிறேன். மகன் குறை வைக்கவில்லை. மிக்சி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், இரண்டு சிலிண்டர். போனில் தட்டினால் மளிகை வாசலுக்கு வந்து இறங்குகிறது, கொண்டுவரும் பையன் பெல்லை அடித்துவிட்டு நான் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறான். மாடியில் குடியிருப்பவர்கள் நல்லவர்கள். அவர்களிடம் ஒரு கரண்டி மோர்கூட நான் கேட்டதில்லை. வேண்டியிருந்ததில்லை. சில நாள் சாயங்காலம் விளக்கைப் போட எழுந்திருக்கும்போதுதான், காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். ஆளுக்கொரு பெட்டி கொடுத்தால் என்ன ஆகும் என்று கோபிகாவுக்காக அன்று எனக்குத் தெரிந்தது. எனக்காகத் தெரியவில்லை பாருங்கள்.

ஆகையால் நீங்கள் பயிற்சிக்கு விழுப்புரம் வரும்போது என் வீட்டுக்கு வாருங்கள். ஒருத்தியாவது வாருங்கள். எதுக்கு என்று கேளுங்கள், கேட்டால்தான் சொல்ல முடியும்.

பேசணும். சும்மா உக்காந்து பேசிக்கினு இருக்கணும். அதுக்குத்தான்.